இலவசமாக வழக்கு நடத்த முன்வரும் இளம் வழக்கறிஞருக்கு

பார் கவுன்சிலில் பதிவு முடித்து கறுப்புக் கோட்டு மாட்டிய சில மாதங்களுக்குள், தெரிந்தவர் ஒருவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். "பாவம், கையில காசு இல்லாதவங்க. நீங்கதான் பாத்துச் செய்யணும்." மறுக்க மனசு வராது. வக்காலத்தில் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள். மூன்றாவது வாய்தா அன்று சீனியர் வேறு ஊர்க் கோர்ட்டுக்கு அனுப்புவார். இங்கே பெயர் கூப்பிடுவார்கள், பதில் இருக்காது, மனு தள்ளுபடி ஆகும். கட்சிக்காரருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர ஒரு வருடம்கூட ஆகலாம். நான் பார்த்தவரை, வக்கீலுக்குச் சட்டம் தெரியாமல் கெட்டுப்போன இலவச வழக்குகள் குறைவு. கூப்பிடும்போது ஆள் இல்லாமல் கெட்டவைதான் ஏராளம்.

ஆகவே இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது எண்ணிக்கையை. ஒரே நேரத்தில் இரண்டு வழக்குக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டையும் காசு வாங்கிய வழக்கு மாதிரியே டைரியில் எழுதி, கடைசி வரை நடத்த வேண்டும். மீதி விவரங்கள் கீழே. தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இது தர்மம் செய்யும் வேலையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 46-ஆவது விதி, வசதியற்றவருக்கும் ஒடுக்கப்பட்டவருக்கும் தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு இலவச உதவி செய்வதை, வழக்கறிஞர் சமூகத்துக்குச் செய்ய வேண்டிய தலையாய கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அரசியலமைப்பில் 1976-இன் 42-ஆவது திருத்தம் இலவச சட்ட உதவிக்கு அரசு வழி செய்ய வேண்டும் என்னும் 39ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் வழியில் 1987-இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1995 நவம்பர் 9. எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் சலுகை கேட்டு வரவில்லை, உரிமையைக் கேட்டு வந்திருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பேச்சின் தொனி தானாக மாறும்.

ஒரு வழக்கறிஞர் தானாக முன்வந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு புஷ்பா கபிலா ஹிங்கோரானியைச் சொல்ல வேண்டும். பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த கட்டுரைகளை வைத்து, அவர்களில் யாரும் வந்து கேட்காமலேயே உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அதுதான் 1979-இன் ஹுசைனாரா காத்தூன் வழக்கு. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்குள் அடக்கம் என்று அதில்தான் நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. இன்று நீங்கள் போடும் ஒவ்வொரு ஜாமீன் மனுவுக்குப் பின்னாலும் அந்த வழக்கு இருக்கிறது.

எந்த வாசல் வழியாக நுழைவது

நான்கு வழி உண்டு. முதலாவது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பேனல், அதாவது வழக்கறிஞர் பட்டியல். அந்த ஆணைக்குழுவைக் கோர்ட்டில் எல்லோரும் டிஎல்எஸ்ஏ என்றுதான் சொல்வார்கள். முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலை செயலாளரான நீதிபதியின் கையில். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். பேனலில் சேர அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, மூன்றாண்டு அனுபவம் இல்லாதவர்களைச் சாதாரணமாகச் சேர்ப்பதில்லை. சிவில், கிரிமினல், குடும்பம், தொழிலாளர் என்று தனித்தனிப் பட்டியல் இருக்கும். எதில் கை பழகியிருக்கிறதோ அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். எல்லாவற்றிலும் டிக் அடிப்பவரை எந்தச் செயலாளரும் நம்பமாட்டார். இதில் மதிப்பூதியம் உண்டு, ஆனால் தொகை சின்னது, தாமதமாகத்தான் கைக்கு வரும். அதை வரவில் சேர்த்து வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் அமைப்பு. 2022-இல் தேசிய ஆணைக்குழு விரிவுபடுத்தியது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேரமும் வேலை செய்யும் அலுவலகம் இது. மாதச் சம்பளம் உண்டு, தனிப் பிராக்டீஸ் கூடாது. தலைமை நிலைக்குப் பத்தாண்டும் துணை நிலைக்கு ஏழாண்டும் கிரிமினல் அனுபவம் கேட்பார்கள். உதவி நிலைக்குப் புதியவர்களே போதும். இது தொண்டு கணக்கில் வராது என்றாலும், கிரிமினல் பக்கம் ஆசை உள்ள ஜூனியர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். இந்த அலுவலகம் இயங்கும் மாவட்டங்களில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு அங்கே போய்விடும். பாதிக்கப்பட்டவர் தரப்பும் குடும்ப, சிவில் வழக்குகளும் பேனல் வக்கீல்களிடம் இருக்கும்.

மூன்றாவது, மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை 2017 ஏப்ரலில் தொடங்கிய நியாய பந்து திட்டம். செல்போன் செயலியில் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கொடுத்துப் பதிந்துகொண்டால், உங்கள் பகுதி ஆட்களின் கோரிக்கை வரும், விருப்பமிருந்தால் ஏற்கலாம். ஒரு பைசா ஊதியம் கிடையாது. உண்மையான இலவச சேவை என்றால் இதுதான்.

நான்காவது, எந்த அமைப்பும் இல்லாமல் நேரடியாக எடுப்பது. மூன்றாண்டு முடியாதவர்களுக்கு இதைவிட நல்லது, பேனலில் இருக்கும் ஒரு சீனியரின் வக்காலத்தில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டு கூடவே நடப்பது. எப்படி எடுத்தாலும் உங்கள் சீனியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "செவ்வாய்க்கிழமை காலையில அந்த மெயின்டெனன்ஸ் கேஸ் இருக்குங்க சார்" என்று ஒரு வாரம் முன்னால் சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள்.

யாருக்கு உரிமை உண்டு

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவை மனப்பாடம் செய்துகொள்ளலாம், சின்னதுதான். பட்டியல் சாதி, பழங்குடியினர்; பெண்கள், குழந்தைகள்; மாற்றுத்திறனாளிகள்; ஆள் கடத்தலுக்கோ கட்டாய உழைப்புக்கோ ஆளானவர்கள்; வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதி வன்கொடுமை, தொழிற்சாலை விபத்து போன்றவற்றில் சிக்கியவர்கள்; தொழில்துறைத் தொழிலாளர்கள்; காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு பார்க்கக்கூடாது. இதில் எதிலும் வராதவர்களுக்குத்தான் மாநில அரசு நிர்ணயித்த ஆண்டு வருமான வரம்பு. அதற்கும் சாதாரணமாக ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும். அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால் ஒழிய மேலே கேட்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்கி வாருங்கள் என்று ஒரு பெண்மணியைத் திருப்பி அனுப்பும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அவர் பெண் என்பதே போதும். நகை போட்டுக்கொண்டு வந்தாலும் போதும். வாதம் செய்யாமல், பிரிவைக் குறிப்பிட்டு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

முதல் சந்திப்பு

பெரும்பாலும் ஒரு மஞ்சப்பை வரும். அதை மேசையில் கொட்டுவார்கள். மூன்றாக மடித்த சம்மன், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் கொடுத்த சிஎஸ்ஆர் ரசீது, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிய ஏதோ ஒப்பந்தம், பேங்க் பாஸ்புக், நாலைந்து ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஓரம் கிழிந்த கல்யாணப் பத்திரிகை. "இதெல்லாம் வேணாமுங்க" என்று அந்தக் கல்யாணப் பத்திரிகையை அவரே ஒதுக்கி வைப்பார். ஒதுக்க விடாதீர்கள். திருமணம் பதிவாகாத ஜீவனாம்ச வழக்கில் அதுவும், மண்டபத்து ரசீதும், ஒரு குரூப் போட்டோவும்தான் உங்கள் அஸ்திவாரம்.

காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அப்போதே திருப்பிக் கொடுங்கள். தாக்கல் செய்ய ஒரிஜினல் தேவையென்றால், வாங்கியதற்குச் சின்னக் குறிப்பில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பிறகு ஒரே பக்கத்தில் நடந்ததை வரிசையாக எழுதுங்கள். எழுதும்போதுதான் ஓட்டைகள் தெரியும். 2021-இல் வீட்டை விட்டு வந்தேன் என்பார், 2023-இல் அந்த வீட்டு முகவரியில் கேஸ் சிலிண்டர் புத்தகம் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள், மெதுவாக.

கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி: "வேற யார்கிட்டயாவது கேஸ் குடுத்திருக்கீங்களா?" பதில் பெரும்பாலும் ஆமாம் என்றே வரும். அந்த வக்கீலின் சம்மதம் இல்லாமல் நீங்கள் வக்காலத்து போடக்கூடாது; ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும், தராவிட்டால் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும். சம்மனில் உள்ள வழக்கு எண்ணையோ பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணையோ இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டு அங்கேயே நிலவரத்தைப் பாருங்கள். ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (இவர் வராததால் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பு) ஆகியிருந்தால், அதை ரத்து செய்யக் கேட்கும் மனுவுக்கு முப்பது நாள் கெடு. தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்ந்து போக வேண்டும். ஆறுதல் சொல்வதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கிளம்பும்போது ஒரு இருநூறு ரூபாய்த் தாள் நான்காக மடித்து மேசை ஓரத்தில் வரும். "ஜெராக்ஸ் செலவுக்காவது வெச்சுக்கங்க தம்பி." பேனல் வழக்கில் வாங்கவே கூடாது, ஒழுங்குமுறையில் தெளிவாகத் தடை இருக்கிறது. குமாஸ்தாவும் தனியாக வாங்கக்கூடாது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கோர்ட் கட்டணம், பிராசஸ் கட்டணம், நகல் செலவு ஆகியவற்றை ஆணைக்குழுவே ஏற்க வழி உண்டு. செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பேனலில் இல்லாத வழக்கென்றால், என்ன செலவு கட்சிக்காரருடையது, என்ன உங்களுடையது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது உத்தமம். ஜெயித்தால் இவ்வளவு சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது எந்த வழக்கிலும் விதிக்குப் புறம்பு.

மனுவை ஆங்கிலத்தில் எழுதினாலும் கையெழுத்துக்கு முன் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொல்லுங்கள். இடது பெருவிரல் ரேகை வைப்பவராக இருந்தால் இன்னும் நிதானமாக. தான் சொல்லாத ஒரு விஷயம் மனுவில் இருப்பதைக் குறுக்கு விசாரணையில் முதன்முறையாகக் கேட்டு அவர் திகைத்து நிற்பதைவிடக் கொடுமை இல்லை.

சிறையிலிருந்து தொடங்குவது நல்லது

ஏன் என்றால், இங்கே உங்கள் ஒரு மணி நேரத்துக்குப் பலன் அதிகம். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை மத்திய சிறைகள் தவிரக் கிளைச் சிறைகளும் உண்டு. டிஎல்எஸ்ஏ மூலம் போனால் அங்குள்ள சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து பேசலாம். தனியாக மனு பார்க்க, அதாவது பார்வையாளராகச் சந்திக்கப் போனால் கம்பிக்கு அப்பால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள், எதுவும் விளங்காது.

உள்ளே போகும்போது ஒரு நோட்டில் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ரிமாண்ட் தேதி, என்ன பிரிவு, எத்தனை வழக்கு, குற்றப்பத்திரிகை வந்ததா, ஜாமீன் கிடைத்தும் வெளியே போகவில்லையா, பிறந்த வருடம். ஆறையும் நிரப்பினால் யாருக்கு என்ன செய்யலாம் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் ரிமாண்ட் தேதியிலிருந்து எண்ணுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவுப்படி, மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாளுக்குள்ளும் மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ரிமாண்ட் ஆன நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் நீங்கள் மனு போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை உள்ளே வந்துவிட்டால் உரிமை போச்சு. 61-ஆவது நாள் காலை கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். தாக்கல் செய்த நேரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்குள் போலீஸ்காரர் குற்றப்பத்திரிகைக் கட்டோடு வந்து நிற்பார்.

அடுத்தது அதே சட்டத்தின் 479-ஆவது பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் விடுவிக்கப்பட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதிக் காலம். வீடு புகுந்து திருடியதற்கு அதிகபட்சம் ஏழாண்டு என்றால் முதல் முறைக்காரருக்கு இரண்டு வருடம் நான்கு மாதம். மனு போட வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்டு, ஆனால் கணக்கை நீங்கள் போட்டு அவர் மேசையில் வைத்தால் வேலை நடக்கும். மரணம் அல்லது ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் சட்டம் தடுக்கிறது. நடைமுறையில் பெரிய முட்டுக்கட்டை இதுதான்: ஒரு திருட்டுக்குப் பிடித்துவிட்டு, நான்கு பழைய வழக்குகளில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) போட்டுக் கணக்கு முடிப்பார்கள். அதனால்தான் நோட்டில் "எத்தனை வழக்கு" என்ற கட்டம்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களைப் பார்த்தால்தான் மனசு கனக்கும். இரண்டு ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, ரத்த சொந்தம் என்று நிபந்தனை இருக்கும். திருப்பூருக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரருக்கு இங்கே ரத்த சொந்தம் யார்? 2023 ஜனவரி 31-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்படி, ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் டிஎல்எஸ்ஏ செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனையைப் பற்றியும் அதில் எச்சரித்திருக்கிறார்கள். ஒரு பக்க மனுவில் இதைச் சொல்லி நிபந்தனையைக் குறைக்கக் கேளுங்கள். வடமாநிலத்தவரிடம் பேச நம்பகமான மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போங்கள். பக்கத்து அறைக் கைதியை வைத்து மொழிபெயர்த்தால், வழக்கு விவரம் மாலைக்குள் பிளாக் முழுக்கப் பரவிவிடும்.

பிறந்த வருடம் ஏன் என்றால், பதினெட்டு முடியாதவர்கள் பெரியவர்கள் சிறையில் இருப்பது இன்றும் நடக்கிறது. சம்பவ நாளில் பதினெட்டுக்குக் கீழ் என்று எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, எழுப்பலாம். பள்ளிச் சான்றிதழ் முதலில், இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று.

குடும்ப வழக்குகள்

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, புதியவருக்கு ஏற்ற இடம். அவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அம்மா வீட்டு எல்லையிலேயே நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் அறிக்கை துணையாக இருக்கும். அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நிஜத்தில் வருடங்கள் ஆகும், அதைக் கட்சிக்காரரிடம் ஒளிக்காதீர்கள். ஆகவே இடைக்கால மனுவைத்தான் நெஞ்சோடு பிடித்துக்கொள்ள வேண்டும்: குடியிருக்க இடம், மாதச் செலவுக்குப் பணம்.

2020 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத்தின் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றும் அதில் சொல்லியிருக்கிறது. விவரப் பத்திரத்தை நிரப்புவதில் சோம்பல் வேண்டாம். பால் கணக்கு, ஸ்கூல் ஃபீஸ், குழந்தைக்கு மாதாமாதம் வாங்கும் இன்ஹேலர் வரை எழுதுங்கள். "மாதம் பத்தாயிரம் வேண்டும்" என்ற ஒற்றை வரியைவிட இந்தக் கணக்கு நீதிபதியிடம் பேசும். கணவர் "எனக்கு வேலையே இல்லை" என்று சொன்னால், அவர் பைக் தவணை கட்டும் விவரம் இங்கேதான் உதவும்.

பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தருவதையும் மறக்கக்கூடாது. பாலியல் வன்முறை, ஆசிட் வீச்சு, கொலை ஆகியவற்றில் இழப்பீட்டுத் தொகையை நிர்ணயிப்பதே சட்டப்பணிகள் ஆணைக்குழுதான். குற்றவாளி பிடிபடாத வழக்கிலும் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாததால் விண்ணப்பமே வருவதில்லை.

கோர்ட்டுக்கே போகாத வேலை

வருகிற ஆட்களில் பாதிப் பேருக்கு வழக்கே தேவைப்படாது. ஒழுங்காக எழுதிய ஒரு மனு போதும். வாரிசுச் சான்று தாசில்தாரிடம், மகன் சோறு போடாத முதியவரின் பராமரிப்பு மனு வருவாய்க் கோட்டாட்சியரிடம், எஃப்ஐஆர் போட மறுத்தால் எஸ்பி அலுவலகத்துக்குப் பதிவுத் தபால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு கேள்வி. தெளிவான தமிழில், தேதி போட்டு, என்ன வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லி எழுதுங்கள். ஒப்புகை முத்திரை வாங்கிய நகல் கட்சிக்காரரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. பிறகு கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் அந்த முத்திரைதான் முதல் ஆவணம்.

15100 என்ற சட்ட உதவி எண்ணை எல்லோருக்கும் எழுதிக் கொடுங்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் ஒரு எச்சரிக்கை

லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும், தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. விபத்து இழப்பீட்டுக்கும் வங்கிக் கடனுக்கும் ஏற்ற இடம். மேல்முறையீடு இல்லை என்பதுதான் அதன் ஆபத்தும். எண்ணிக்கை காட்டும் அவசரத்தில் "பாதிக்கு முடிச்சுக்கம்மா" என்று நாலா பக்கமிருந்தும் சொல்வார்கள். காசில்லாதவர் பயத்தில் தலையாட்டுவார். தொகையைச் சொன்னவுடன் கையெழுத்து வாங்காமல் வெளியே கூட்டிப்போய், வழக்கை நடத்தினால் எவ்வளவு வரக்கூடும், எத்தனை காலம் ஆகும், மருத்துவக் கடனுக்கு வட்டி எவ்வளவு ஓடுகிறது என்று மூன்றையும் சொல்லி அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒத்துவராது என்றால் ஒத்துவராது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

போட்டோ, விளம்பரம், செல்போன் நம்பர்

இலவச உதவி செய்கிறேன் என்று ஃபேஸ்புக்கில் போர்டு வைப்பது விளம்பரத்தைத் தடுக்கும் பார் கவுன்சில் விதி 36-இல் மாட்டும். முகாமில் மனு கொடுத்த பெண்ணின் முகம் தெரியப் படம் போடுவது அதைவிட மோசம். அந்தப் படத்தை அவர் கணவரும் பார்ப்பார்.

உங்கள் எண்ணைக் கொடுக்கும்போது நேரமும் சொல்லுங்கள்: மாலை ஆறிலிருந்து ஏழு. அப்படிச் சொல்லாவிட்டால் இரவு பதினொன்றுக்கும் அழைப்பு வரும், ஒரு கட்டத்தில் எடுக்க மாட்டீர்கள், அவர் கைவிடப்பட்டதாக நினைப்பார். ஒவ்வொரு வாய்தா முடிந்ததும் இரண்டு வரி வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்: இன்று என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன, அவர் வர வேண்டுமா வேண்டாமா. தினக்கூலிக்காரருக்கு அந்த மூன்றாவது தகவல் ஒரு நாள் சம்பளம்.

விலக நேர்ந்தாலும் வழக்கு முடிந்தாலும்

தாங்க முடியாமல் போகலாம், ஊர் மாறலாம், வழக்கு உங்கள் அனுபவத்துக்கு மீறியதாக வளரலாம். போதிய காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் விலகக்கூடாது என்று விதி இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு முன்பே செயலாளரிடமோ சீனியரிடமோ சொல்லி, வேறு வக்கீலை ஏற்பாடு செய்து, கட்டோடு அந்த ஒரு பக்கத் தேதி வரிசையையும் கொடுத்துவிட்டு, கட்சிக்காரரை நேரில் அறிமுகம் செய்துவையுங்கள். ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளைத் தனியாகத் தொடவே வேண்டாம். அவற்றில் நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்று 2019-இல் அனோகிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு விண்ணப்பியுங்கள். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகல் இலவசம். நடுவர் நீதிமன்றத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், அமர்வு நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் போக அறுபது நாள். கடைசி நாளைத் தமிழில் பெரிதாக எழுதிக் கட்சிக்காரர் கையில் கொடுங்கள். உயர் நீதிமன்றத்திலும் மதுரைக் கிளையிலும் சட்டப்பணிகள் குழு உண்டு. அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அவர் சென்னைக்குப் போய்த் தடுமாற வேண்டியதில்லை. மீதமுள்ள ஒரிஜினல்களைப் பட்டியலிட்டுத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். பேனல் வழக்கென்றால் முடிவறிக்கையோடு மதிப்பூதியப் படிவத்தையும் அந்த வாரமே செயலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் வழக்கு எண் தேடவே ஒரு நாள் போகும்.